ஒரு செட்டுக்குக் கால் மில்லிமீட்டர்

ஒரகடம் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் பிளாஸ்டிக் டிரே செய்கிறோம். கார் கம்பெனிகளுக்குப் போகும் சிறு பாகங்கள் ஒன்றோடொன்று உரசிவிடாமல் உட்காரப் பள்ளம் பள்ளமாக இருக்குமே, அந்த டிரே. ஷீட்டை நான்கு பக்கமும் சட்டத்தில் கவ்வி, மேலே ஹீட்டரை இழுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் அதன் நடுப்பகுதி தொய்ய ஆரம்பிக்கும். அந்தத் தொய்வைக் கண்ணால் பார்த்தே எங்கள் மூத்த ஆபரேட்டர் நேரம் சொல்லிவிடுவார். கீழிருந்து மோல்டு எழும்பும், வேக்யூம் காற்றை உறிஞ்சும், இளகிய ஷீட் மோல்டின் மேடுபள்ளங்களில் படிந்து அப்படியே இறுகிவிடும். நான் குவாலிட்டி பிரிவு. எந்த மூலையில் ஷீட் இழுபட்டு மெலிந்திருக்கிறது, எந்த ஓரம் பிசிறடித்திருக்கிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது என் அன்றாடம்.

அதனால்தான் பல் டாக்டர் முதன்முதலாக ஓர் அலைனரை, அதாவது பல்லை நேராக்க மாட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை, என் உள்ளங்கையில் வைத்தபோது, அதை டியூப் லைட் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து ஓரத்தைப் பார்த்தேன். "என்னம்மா பார்க்கறீங்க?" என்றார். "எவ்வளவு தடிமன் ஷீட் டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. "முக்கால் மில்லிமீட்டர்" என்றார். எங்கள் பட்டறையில் ஓடும் ஷீட்டின் தடிமன்தான் அது.

என் கீழ்வரிசை முன்பற்கள் இட நெருக்கடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மேலே ஒரு தெத்துப்பல். ஊரில் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லியே வளர்த்தார்கள். அதிர்ஷ்டமோ இல்லையோ, அந்த இடுக்குகளில் பிரஷ் போகாமல் ஈறு வீங்கி, துப்பும்போதெல்லாம் ரத்தம் வந்தது. அதற்காகத்தான் டாக்டரிடம் போனேன்.

இப்போது என்னிடம் அலைனரைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. சுங்குவார்சத்திரம் பக்கத்து ஹாஸ்டல்களில் தங்கி மொபைல் போன் அசெம்ப்ளி லைனில் வேலை செய்யும் பெண்கள் முதல் சம்பளம் வாங்கிய கையோடு தங்களுக்கென்று ஏதாவது செய்துகொள்ள நினைக்கிறார்கள். சின்ன வயதில் வீட்டில் செய்யமுடியாமல் போன பல் வைத்தியமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரு தங்கை போனை நீட்டி விளம்பரம் காட்டினாள். "அக்கா, வீட்டுக்கே வந்து ஸ்கேன் எடுக்கறாங்களாம். மாசாமாசம் கட்டினா போதுமாம். ஆறு மாசத்துல நேராயிடுமாம். போட்டுக்கட்டுமா?"

"முதல்ல வாயைத் திறந்து ஒரு டாக்டர்கிட்ட காட்டு. மத்ததெல்லாம் அப்புறம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பல் தாடையில் ஆணி அடித்ததுபோல இறுகி நிற்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. சராசரியாக 0.2 மி.மீ. தடிமன். பல் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக மெதுவாக, விடாமல் தள்ளினால் அந்தப் பக்கத்து நார்ப்படலம் நசுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். நசுங்கும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் கூடுகின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. முன்னால் எலும்பு கரைந்து வழிவிட, பின்னால் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்ப, பல் குழியோடு சேர்ந்தே நகர்கிறது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-இல் நாய்களின் பற்களில் சோதனை செய்து, நுண்ணோக்கியில் இதைக் கண்டு எழுதினார். கம்பி என்றாலும் அலைனர் என்றாலும் இன்றுவரை நடப்பது இதே வேலைதான்.

இதில் அவசரத்துக்கு இடமில்லை. அதிகமாக அழுத்தினால் சீக்கிரம் நகரும் என்று தோன்றும். நேர்மாறாக நடக்கும். நார்ப்படலத்தில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அழுத்தம் அவற்றை மூடிவிட்டால் அந்த இடத்துத் திசு உயிரற்றுப் போகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வரவே வழியில்லை. பின்பக்கமாகச் சுற்றிவந்து அரிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பல் அசையாது, வலி மட்டும் மிஞ்சும். வேரின் நுனியே கரைந்து குட்டையாகும் ஆபத்தும் உண்டு. 1932-இல் ஆஸ்திரிய நிபுணர் ஷ்வார்ட்ஸ், பல்லை நகர்த்தும் விசை அந்த நுண்குழாய்களின் ரத்த அழுத்தத்தைத் தாண்டக்கூடாது என்றார். சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்பது அவர் சொன்ன அளவு. பல் மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. நகர்ந்தால் அது நல்ல வேகம். ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் போடும் அலைனர்களில் ஒவ்வொரு செட்டும் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்கு மேல் ஒரு பல்லை நகர்த்தாதபடி வடிவமைக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்: நார்ப்படலத்தின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

படிப்படியாக மாறும் உறைகளால் பல்லை நகர்த்தலாம் என்ற யோசனை பழையது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஹெரால்டு கெஸ்லிங் 1945-இலேயே இதை எழுதினார். பல் மாதிரியிலிருந்து பற்களை வெட்டியெடுத்து மெழுகில் வரிசையாக நட்டு, அதன்மேல் ரப்பர் உறை செய்தார். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல உறைகள் செய்தால் பெரிய நகர்வும் சாத்தியம் என்பது அவர் கணிப்பு. ஆனால் ஒவ்வொரு படிக்கும் கையால் ஒரு மாதிரி செய்ய யாரால் முடியும்? யோசனை ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பல் மருத்துவர்கள் இல்லை. பாகிஸ்தான் வேர்கள் கொண்ட ஜியா சிஷ்டி, ஸ்டான்ஃபோர்டில் அவரோடு எம்.பி.ஏ. படித்த கெல்சி வெர்த் இருவரும் 1997-இல் அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சிஷ்டி பெரியவரான பிறகு கம்பி கட்டிக்கொண்டவர். சிகிச்சை முடிந்து, பல் விலகாமலிருக்கத் தந்த ரிட்டெய்னரைப் போடாமல் விட்டால் பல் கொஞ்சம் விலகுகிறது, திரும்பப் போட்டால் பழைய இடத்துக்கு வருகிறது என்று கவனித்தார். அப்படியானால் வரிசையாகப் பல ரிட்டெய்னர்களைக் கணினியில் வடிவமைத்தால் என்ன என்பது அவர் கேள்வி. சக் ஹல் 1980-களில் உருவாக்கிய ஸ்டீரியோலித்தோகிராஃபி என்ற முப்பரிமாண அச்சு முறை அதற்குள் வந்திருந்தது. திரவ ரெசினில் ஒளிக்கதிர் பட்ட இடமெல்லாம் அடுக்கடுக்காக இறுகி உருவாகும் முறை அது. இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்த அதே 1998-இல், அவர்களுடைய இன்விசலைன் அலைனருக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. 2017-இல் அலைன் நிறுவனத்தின் முக்கியமான ஆரம்பகாலக் காப்புரிமைகள் காலாவதியாகத் தொடங்கியதும் உலகெங்கும் புதுப் பெயர்கள் முளைத்தன. இந்தியாவிலும் பல பிராண்டுகள் இருக்கின்றன. இல்யூஷன் என்ற பெயரில் அலைனர் செய்யும் மும்பையின் லக்ஷ்மி டென்டல் 2025 ஜனவரியில் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது.

செய்யும் விதத்துக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வாய்க்குள் பேனா போன்ற கேமராவை ஓட்டி ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த முப்பரிமாணப் படத்தில் ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாக வெட்டிப் பிரித்து, இன்றைய நிலைக்கும் வரவேண்டிய நிலைக்கும் நடுவே எத்தனை படிகள் தேவை என்று மென்பொருளில் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தாடை மாதிரி ரெசினில் அச்சாகிறது. அதுதான் மோல்டு. அதன்மேல் சூடான ஷீட்டைக் காற்றழுத்தத்தால் படிய வைத்து, ஈறு ஓரமாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுமழுப்பாக்கினால் அலைனர். எங்கள் பட்டறையில் ஒரு மோல்டு செய்தால் அதில் ஆயிரக்கணக்கில் டிரே எடுப்போம். இங்கே ஒரு மோல்டில் எடுப்பது ஒரே ஒரு அலைனர். அப்புறம் அந்த மோல்டுக்கு வேலை கிடையாது. நாளொன்றுக்கு 10 லட்சம் வரை தனித்தனி வடிவங்கள் செய்யும் திறன் தங்களுக்கு உண்டு என்று அலைன் நிறுவனம் சொல்கிறது. உற்பத்தித் துறையில் இருக்கும் யாரையும் இந்தச் செய்தி மயிர்க்கூச்செறிய வைக்கும்.

இன்னொன்று. மோல்டு செய்யும்போது எங்களுக்கு முதல் பாடமே அண்டர்கட் வரக்கூடாது என்பது. கழுத்து குறுகிய வடிவம் இருந்தால் டிரே மோல்டிலிருந்து கழன்று வராது. அதற்காகப் பக்கச் சுவரை லேசாகச் சாய்த்து வைப்போம். பல்லோ இயற்கையாகவே வயிறு பெருத்துக் கழுத்து ஒடுங்கியது. ஈறை ஒட்டி ஒடுங்கும் அந்த இடத்தைத்தான் அலைனர் கவ்விக்கொள்கிறது. நாங்கள் குறை என்று ஒதுக்குவது அங்கே பிடிமானம். கோரைப்பல், அதற்கடுத்த முன்கடைவாய்ப்பல் போன்றவை உருண்டையாக இருப்பதால் அவற்றைத் திருகித் திருப்பப் பிடி போதாது. அப்போது பல்லின் நிறத்திலேயே சின்னச் சின்னக் காம்போசிட் பொட்டுகளை ஒட்டுகிறார்கள். பல்லின் மேற்பரப்பில் அமில ஜெல் தடவிச் சொரசொரப்பாக்கி, பசை பூசி, நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். வலி கொஞ்சமும் இல்லை. நாக்கால் தடவினால் மட்டும் சில நாளைக்கு மணல் ஒட்டியதுபோல் இருக்கும். அலைனரில் அதே இடத்தில் குழி இருக்கும். பொட்டின் சாய்வான முகத்தை அந்தக் குழியின் சுவர் தள்ளும்.

இடம் போதாத வாயில் அடுத்தடுத்த பற்களின் நடுவே மெல்லிய பட்டையைவிட்டு எனாமலை லேசாகத் தேய்ப்பதும் உண்டு. எனக்குக் கீழ்வரிசையில் செய்தார்கள். ஓரிடத்துக்கு அரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். எவ்வளவு தேய்த்தார் என்பதை டாக்டர் மெல்லிய தகடு கேஜ் வைத்து அளந்து குறித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

புது செட் போட்ட முதல் நாள் இறுக்கமாக இருக்கும். மூன்றாம் நாள் இருப்பதே தெரியாது. பல் வந்து சேர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக் காரணம்தான் அது. வளைத்தே வைத்திருக்கும் பிளாஸ்டிக்கின் விறைப்பு முதல் சில மணி நேரத்திலேயே கணிசமாகத் தளர்ந்துவிடும். எந்த ஷீட்டுக்கும் உள்ள குணம். போதாததற்கு மோல்டின் மேல் இழுபடும்போது ஷீட் இன்னும் மெலிந்திருக்கும். இறுக்கம் குறைந்த பிறகும் அதே செட்டை டாக்டர் சொன்ன ஒன்று அல்லது இரண்டு வாரம் போட்டிருக்கச் சொல்வது, எலும்பு கரைந்து கட்டி முடிக்க அவகாசம் தருவதற்காக. சீக்கிரம் முடிக்கலாமே என்று அடுத்த செட்டுக்குத் தாவினால், ஒரு கட்டத்தில் அலைனருக்கும் பல் நுனிக்கும் நடுவே வெற்றிடம் தெரியும். திட்டம் முன்னே போய்விட்டது, பல் பின்தங்கிவிட்டது என்று பொருள்.

சிகிச்சை தொடங்கும் முன் திரையில் ஒரு படம் ஓட்டிக் காட்டுவார்கள். கோணல் பற்கள் ஒன்றொன்றாக நகர்ந்து முத்து வரிசையாகும். பார்க்க அத்தனை அழகு. அதைப் பார்த்து மயங்கித்தான் பலர் அங்கேயே பணம் கட்டுகிறார்கள். அந்தப் படம் ஒரு டிராயிங். டிராயிங்கை நம்பி எந்தக் கம்பெனியும் சரக்கு அனுப்பாது. செய்த பாகத்தை அளந்து பார்த்துத்தான் லாரி ஏற்றுவோம். 2009-இல் அமெரிக்காவில் கிராவிட்ஸ் என்ற நிபுணரும் சகாக்களும் முன்பற்களை அளந்து பார்த்தார்கள். திரையில் காட்டிய நகர்வில் சராசரியாக 41 சதவீதம்தான் வாயில் நடந்திருந்தது. பல்லை வெளியே இழுத்து நீட்டும் நகர்வில் 30 சதவீதம்கூட வரவில்லை. மேம்பட்ட பிளாஸ்டிக், மேம்பட்ட பொட்டுகள் எல்லாம் வந்த பிறகு 2020-இல் அவர் குழு மறுபடி அளந்தபோது சராசரி 50 சதவீதம். இதனால் அலைனர் பொய் என்று ஆகிவிடாது. நடுவழியில் மறுபடி ஸ்கேன் எடுத்து, எங்கே பின்தங்கியது என்று பார்த்து, புது செட்டுகள் செய்து முடிப்பதுதான் முறையான சிகிச்சை. எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். அளந்து பார்க்க ஒருவர் இல்லாவிட்டால் அந்த மீதிப் பாதி யாருக்கும் தெரியாமலே போகும்.

ஷிஃப்டில் வேலை செய்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் அலைனர் வாயில் இருக்க வேண்டும். மீதி இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று வேளைச் சாப்பாடு, பல் துலக்குவது எல்லாம் அடங்க வேண்டும். நம் ஊரில் பத்தரை மணி டீயும் நாலு மணி டீயும் சும்மா போகுமா? அலைனரோடு சூடான டீ குடித்தால் கறை பிடிக்கும், சர்க்கரைத் தண்ணீர் உள்ளே தேங்கிப் பல்லைச் சொத்தையாக்கும், சூட்டில் வடிவமும் கெடும். பல அலைனர்களுக்குப் பயன்படும் பெட்ஜி (PETG) என்ற பிளாஸ்டிக் ஷீட் சுமார் 80 டிகிரியிலேயே இளகிவிடும். அதனால் வெந்நீரில் போட்டுக் கழுவவும் கூடாது. நான் பத்தரை மணி டீயை விட்டுவிட்டேன். கேன்டீனில் கழற்றி டிஷ்யூவில் மடித்துத் தட்டோரம் வைப்பவர்கள் அதைச் சாம்பார்த் தட்டோடு சேர்த்துத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். டப்பா எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும். இந்த ஒழுங்கு முடியாது என்று தோன்றினால் கம்பியே மேல். கம்பியைக் கழற்ற முடியாது என்பதே அதன் பலம்.

கம்பி என்றால் தாழ்ந்தது என்ற எண்ணம் விளம்பரங்கள் ஊட்டியது. பல் பிடுங்கிப் பெரிய இடைவெளி மூடவேண்டிய வாய், மோசமாகத் திரும்பிய பற்கள் போன்றவற்றில் கம்பிதான் இன்றும் பல டாக்டர்களின் முதல் தேர்வு. தாடை எலும்பே ஏறுமாறாக இருந்தால் இரண்டும் தனியாகப் போதாது, அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும். செலவைப் பொறுத்தவரை அலைனர் பல பத்தாயிரங்களில் தொடங்கி லட்சங்களுக்குப் போகும். கம்பிக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே ஆகும். கையில் காசில்லை என்றால் சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புக்கென்றே தனித் துறை இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் கற்றறிந்தவர்கள் பார்ப்பார்கள்.

டாக்டர் முகமே பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பும் வியாபாரம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு அமெரிக்காவிலேயே பாடம் இருக்கிறது. 2014-இல் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் நேரடியாக வீட்டுக்கே அலைனர் அனுப்பிப் பெரிதாக வளர்ந்தது. 2023 செப்டம்பரில் திவால் மனு, டிசம்பரில் மூடுவிழா. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நட்டாற்றில் நின்றார்கள். டாக்டர் பார்க்காததில் இன்னோர் ஆபத்தும் உண்டு: ஈறு நோயால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்த வாயில் பல்லை நகர்த்தினால் பல்லே ஆடிப் போய்விடும். எலும்பு எப்படி இருக்கிறது என்பது மேலோட்டமான ஸ்கேனில் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். எனக்கு அலைனர் பேச்சை எடுப்பதற்கு முன்பே ஈறு வீக்கத்துக்குச் சிகிச்சை செய்து, ரத்தம் நின்ற பிறகுதான் டாக்டர் ஸ்கேன் எடுத்தார்.

கடைசி செட்டோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஈறில் உள்ள நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அவை அடங்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதனால் பல்லுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டுவார்கள், அல்லது ராத்திரியில் ரிட்டெய்னர் போடச் சொல்வார்கள். நான் இன்னும் போடுகிறேன், போட்டுக்கொண்டே இருப்பேன். பிரஷ் இப்போது எல்லா இடுக்கிலும் போகிறது, ரத்தம் வருவதில்லை.

ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைகிறது. மத்திய அரசின் திட்டத்தில் இடம்பெற்ற நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மோல்டு, ஷீட், டிரிம்மிங், அளவெடுப்பு என்று அலைனருக்குத் தேவையான கைத்திறன் எல்லாம் இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. நாளைக்கு எங்கள் பெண்கள் கையாலேயே இது உருவானால் விலையும் இறங்கும், எனக்கும் பெருமையாக இருக்கும். விலை இறங்கினாலும் டாக்டர் வேண்டாம் என்ற நிலை வராது.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள். பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவர் யார் என் வாயைப் பார்க்கிறார்? முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்தீர்களா? என் ஈறும் எலும்பும் இதைத் தாங்குமா? எத்தனை வாரத்துக்கு ஒருமுறை நேரில் பார்ப்பீர்கள்? திட்டப்படி நகராவிட்டால் புது செட்டுக்குத் தனியாகக் காசா? ரிட்டெய்னர் கட்டணம் இதில் சேர்த்தியா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில், தவணை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பணம் கட்டாதீர்கள்.